பொது இடத்துல நடந்த மரண தண்டனை, அதோட பழைய அச்சுப்படம்: எப்படி படிக்கிறது, முழுமையான வழிகாட்டி

ஒரு பெரிய மரம், அதோட கிளை ஒன்னொன்னுலயும் மனுசங்க தொங்குறாங்க, ஏணியில ஒருத்தர மேல ஏத்திட்டு இருக்காங்க, சுத்தி பட்டாளம் ஈட்டிய தூக்கிட்டு வரிசையா நிக்குது. படம் செதுக்குற கலைஞர் ழாக் கல்லோ 1633ல போட்ட போர்த் துயரங்கள் வரிசையில இது 11வது படம், மொத்தம் 18 படம். இந்த படத்த மட்டும் தனியா பாத்தா யாருக்கும் தோணுறது ஒன்னுதான், பட்டாளத்துக்காரங்க அப்பாவி ஊர் ஜனங்கள கொன்னு தொங்கவிட்டிருக்காங்கன்னு. ஆனா தொங்குறவங்கதான் பட்டாளத்துக்காரங்க. பண்ணை வீட்ட கொள்ளையடிச்சது, ஊர கொளுத்துனது எல்லாம் அதே வரிசையில முன்னாடி படங்கள்ல வருது, அதுக்கப்புறம் அவங்கள பிடிச்சு தண்டிக்கிறது வருது, தூக்கு, துப்பாக்கி, தீ, சக்கரத்துல கட்டி எலும்ப நொறுக்குறதுன்னு வரிசையா. தூக்கு படத்துக்கு கீழயே பிரெஞ்சுல பாட்டு எழுதியிருக்கு, இந்த திருடனுங்க கெட்ட பழம் மாதிரி இந்த மரத்துல தொங்குறானுங்கன்னு.

இந்த ஒரு படத்துக்காகவே இந்த வழிகாட்டிய எழுதலாம்னு தோணுச்சு. மரண தண்டனை படம்னாலே நம்ம கண்ணு நேரா கயித்துக்கும் கத்திக்கும்தான் போகுது, அங்க போயி நின்னுடுது. படம் போட்டவருக்கும் வித்தவருக்கும் அது நல்லா தெரியும். அதனால நான் சொல்ற வழி தலைகீழ், கழுத்த கடைசியா பாருங்க, மத்ததெல்லாம் முதல்ல பாருங்க. இங்க சொல்றதெல்லாம் ஐரோப்பாவுல 1550க்கும் 1868க்கும் நடுவுல வந்த அச்சுப்படங்கள வச்சு, பெரும்பாலும் லண்டன், பாரிஸ், நெதர்லாந்து.

முதல்ல முழு படத்த தேடி எடுங்க

யாரோ அனுப்புன துண்டு படத்த வச்சு ஒன்னும் பண்ண முடியாது. படத்தோட நாலு ஓரமும், கீழ இருக்கற எழுத்தும், முடிஞ்சா காகிதத்தோட விளிம்பும் தெரியற ஸ்கேன் வேணும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியம், லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், பிரான்ஸ் தேசிய நூலகத்தோட காலிக்கா வெப்சைட், இந்த நாலு இடத்துலயும் வீட்டுல உக்காந்தே பெரிய சைஸ்ல ஜூம் பண்ணி பாக்கலாம், காசு கிடையாது. லண்டன்ல ஒத்த காகிதமா தெருவுல வித்த தண்டனை நோட்டீஸ் வேணும்னா ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகம் 500க்கு மேல ஸ்கேன் பண்ணி வச்சிருக்கு. ஒரே படத்துக்கு ரெண்டு மூனு பிரதி கிடைச்சா எல்லாத்தையும் இறக்கி வச்சுக்கோங்க, ஏன்னா படம் செதுக்குன ஒரே செப்புத்தகட்டுல இருந்து வேற வேற வருசத்துல அடிச்ச பிரதிகள்ல எழுத்து மாறும், பப்ளிஷர் பேரு மாறும், சில சமயம் எழுத்தே இருக்காது.

படம் ஒரு வரிசையில ஒன்னா இருந்தா முன்னாடி பின்னாடி படத்தையும் எடுத்தே ஆகணும். கல்லோ படத்துல என்ன ஆச்சுன்னு மேலயே பாத்தோம்.

ஓரத்துல இருக்கற பொடி எழுத்த படிங்க

படத்துக்கு கீழ இடது மூலையில, வலது மூலையில லத்தீன் சுருக்கமா இருக்கும். பேருக்கு பின்னாடி "டெல்" இல்ல "இன்வ்"னு வந்தா அவரு வரைஞ்சவர் இல்ல யோசிச்சு அமைச்சவர், "ஸ்கல்ப்"னு வந்தா தகட்டுல செதுக்குனவர், "எக்ஸ்க்"னு வந்தா அச்சடிச்சு வித்தவர். வித்தவர் பேருதான் ரொம்ப முக்கியம்னு நான் சொல்வேன், ஏன்னா எந்த ஊர் கடை, எந்த ஜனங்களுக்கு வித்தாங்கங்கிறது அங்கதான் மாட்டும்.

இங்கிலாந்து படத்துல பாராளுமன்ற சட்டப்படி வெளியிட்டதுன்னு ஒரு வரியும் ஒரு தேதியும் இருந்தா அது 1735லயோ அதுக்கு அப்புறமோ வந்தது. லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் படங்கள கண்டவங்களும் காப்பியடிச்சு வித்தாங்க, அவரு மத்த ஆர்ட்டிஸ்டுகளோட சேந்து போராடி அந்த வருசம் ஒரு சட்டம் கொண்டுவர வச்சாரு, செதுக்குன படத்துக்கு 14 வருசம் காப்பிரைட். அந்த தேதி படம் வெளிவந்த தேதி, தண்டனை நடந்த தேதி இல்ல. இத ரெண்டையும் குழப்பிக்கிட்டு எழுதுறவங்க நிறைய.

எப்படி அச்சடிச்சதுன்னு கண்டுபிடிங்க

இதுக்கு பெரிய படிப்பு வேண்டாம். கோடு தடிமனா, முரட்டுத்தனமா, எழுத்தோட சேந்தே அடிச்ச மாதிரி இருந்தா மரக்கட்டை அச்சு. கோடு கூர்மையா ஆரம்பிச்சு நடுவுல தடிச்சு திரும்ப கூர்மையா முடிஞ்சா செப்புத்தகட்டுல உளியால செதுக்குனது. பேனாவுல எழுதுன மாதிரி கோடு லேசா அலைஞ்சு ஓடுச்சுன்னா எச்சிங், அதாவது ஆசிட் வச்சு அரிச்சது. செப்புத்தகட்டு படம்னா காகிதத்துல தகட்டோட விளிம்பு அழுந்தின தடம் சுத்தி ஒரு செவ்வகமா தெரியும். சாக்பீஸ்ல தேச்ச மாதிரி சாயல் இருந்தா லித்தோ, அதாவது கல்லு மேல வரைஞ்சு அச்சடிக்கிறது, அது 1790கள் கடைசியிலதான் வந்துச்சு, அதனால 1649ல நடந்த ஒரு சம்பவம் லித்தோவுல இருந்தா அது 150 வருசம் கழிச்சு யாரோ நினைச்சு பாத்து போட்டது. நேர்ல காகிதம் கையில இருந்தா பத்து மடங்கு லென்ஸ் வச்சு பாருங்க, வரிசை வரிசையா புள்ளி தெரிஞ்சா அது 19ம் நூற்றாண்டு கடைசிக்கு அப்புறம் புத்தகத்துல வந்த மறுபதிப்பு, யாராவது பழைய ஒரிஜினல்னு விலை சொன்னா நம்பாதீங்க.

இன்னொன்னு, தகட்டுல வரைஞ்சது காகிதத்துல இடம் வலம் மாறித்தான் விழும். திறமையான செதுக்குறவங்க இத யோசிச்சு தகட்டுலயே திருப்பி வரைவாங்க, அவசரத்துல காப்பியடிக்கிறவங்க அப்படியே விட்டுடுவாங்க. தலைவெட்டுறவர் இடது கையில வாள் பிடிச்சிருந்தா, சதுக்கத்துல வலது பக்கம் இருக்க வேண்டிய கட்டடம் இடது பக்கம் நின்னா, நீங்க பாக்குறது காப்பியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அப்போ மூலப்படத்த தேடுங்க.

தூக்குமரத்த வச்சு காலத்த சரிபாருங்க

லண்டன்ல டைபர்ன்ங்கிற இடம், இன்னைக்கு மார்பிள் ஆர்ச் இருக்கற பக்கம். அங்க மூனு காலு, மேல மூனு உத்திரம், முக்கோணமா ஒரு தூக்குமரம் 1571ல நட்டாங்க, ஒரே நேரத்துல 24 பேர் வரைக்கும் தொங்கவிட முடியும், 1649 ஜூன்ல ஒரே நாள்ல 23 ஆம்பளைங்களையும் ஒரு பொம்பளையையும் தொங்கவிட்டாங்க. 1759ல அத எடுத்துட்டு, வேணும்போது மட்டும் கொண்டு வந்து நிறுத்துற மாதிரி மாத்திட்டாங்க. 1783 நவம்பரோட டைபர்ன் முடிஞ்சது, டிசம்பர்ல இருந்து நியூகேட் ஜெயில் வாசல்லயே மேடை போட்டு கதவு திறந்து கீழ விழற மாதிரி. ஆக முக்கோணம்னா 1571ல இருந்து 1759 வரைக்கும், வண்டி நகர்ந்து போறதோட கயிறு இறுகுறதுன்னா டைபர்ன் காலம், ஜெயில் சுவரும் மேடையும்னா 1783க்கு அப்புறம்.

கில்லட்டின், அதாவது கத்தி மேல இருந்து இறங்கி தலைய வெட்டுற மெஷின், அத வச்சு மட்டும் அவசரப்படாதீங்க. பாரிஸ்ல அது முதல்முதலா 1792 ஏப்ரல் 25ல வேலை செஞ்சது, ஆனா ஜெர்மன் கலைஞர் ஹைன்ரிஷ் ஆல்டெக்ரேவர் 1553லயே ரெண்டு தூணுக்கு நடுவுல கத்தி இறங்குற ஒரு மெஷின வரைஞ்சிருக்காரு, ரோமாபுரி கதையில அப்பா மகன வெட்ட சொல்ற காட்சி. ஸ்காட்லாந்துல மெய்டன்னு ஒரு மெஷின் 1564ல செஞ்சது இன்னும் எடின்பரோ மியூசியத்துல இருக்கு. அதனால பழைய படத்துல அப்படி ஒன்னு பாத்தா உடனே போலின்னு முடிவு பண்ண வேண்டாம்.

சம்பவத்துக்கும் படத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு வருசம்

ஆம்ஸ்டர்டாம்ல அன்னெக்கென் ஹென்ட்ரிக்ஸ்னு ஒரு அம்மாவ 1571ல அவங்க மத நம்பிக்கைக்காக ஏணியில கட்டி நெருப்புல தள்ளுனாங்க. அந்த படம் ரொம்ப பிரபலம், யான் லாய்கென் போட்டது, ஆனா வருசம் 1685. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. மத தியாகிகள் பத்தின ஒரு பெரிய புத்தகத்துக்கு அவரு 104 எச்சிங் போட்டாரு, அதுல ஒன்னு. அவரு கண்ணால பாத்தது கிடையாது, அந்த அம்மாவோட அதே மதப் பிரிவு வழியில வந்த தன் சமூகம் மனசுல சுமந்துட்டு வந்தத வரைஞ்சாரு. அதுக்காக அந்த படம் மதிப்பு குறைஞ்சதுன்னு நான் சொல்லவே மாட்டேன், 1571 எப்படி இருந்துச்சுன்னு அது சாட்சி சொல்லாது, 1685ல அந்த குடும்பங்கள் அந்த அம்மாவ எப்படி நினைச்சாங்கன்னு சொல்லும், அதுவும் பெரிய விசயம்தான.

தூரமும் அப்படித்தான். முதலாம் சார்லஸ் ராஜாவ 1649 ஜனவரி 30ல லண்டன் ஒயிட்ஹால்ல, பேங்க்வெட்டிங் ஹவுஸ் வாசல்ல வெட்டுனாங்க. சம்பவத்த காட்டுற நிறைய படங்கள் நெதர்லாந்துலயும் ஜெர்மன் ஊர்கள்லயும் அடிச்சது. அதுல சரிபாக்க ஒரு நல்ல இடம் இருக்கு. தலை வைக்கிற கட்டை ரொம்ப தாழ்வா இருந்துச்சு, இன்னும் கொஞ்சம் உயரமா இருந்திருக்கலாமேன்னு ராஜாவே கேட்டதா அன்னைக்கு எழுதின குறிப்புல இருக்கு. படத்துல ராஜா கம்பீரமா மண்டி போட்டு உயரமான கட்டையில தலை வச்சிருந்தா, அந்த ஆர்ட்டிஸ்ட் கேள்விப்பட்டு வரைஞ்சிருக்காரு, இல்ல ராஜாவுக்கு ஒரு மரியாதை குடுக்கணும்னு நினைச்சிருக்காரு. வெட்டுன ரெண்டு பேரும் முகத்த மூடியிருந்தாங்க, யாருன்னு கடைசி வரைக்கும் உறுதியாகல, அதனால முகம் தெளிவா தெரிஞ்சா அதுவும் கற்பனைதான்.

இப்போ கூட்டத்த பாருங்க, நேரம் எடுத்து பாருங்க

இதுதான் எனக்கு முக்கியமான படி. இதுக்கு ஹோகார்த் 1747ல போட்ட படத்த எடுத்துக்குவோம், உழைப்பும் சோம்பலும்னு 12 படம் வரிசை, அதுல 11வது, சோம்பேறி வேலைக்காரப் பையன் டாம் ஐடில டைபர்ன்ல தூக்குல போட கொண்டு போறாங்க.

படத்த திறந்ததும் தூக்குமரம் எங்கன்னு தேட வேண்டியிருக்கும். அது தூரத்துல, சின்னதா, அதே முக்கோணம். அதோட உத்திரத்து மேல ஒரு ஆளு சாவகாசமா பைப் பிடிச்சுட்டு சாஞ்சிருக்கான், அவன்தான் தூக்கு போடுறவன். கையெட்டுற தூரத்துல நமக்கு தெரியறது கூட்டம். நடுவுல முன்னாடி ஒரு பொம்பள கைக்குழந்தையோட நின்னு காகிதம் விக்கிறா, தாமஸ் ஐடிலோட கடைசி வாக்குமூலம்னு அதுல எழுதியிருக்கு. அவன் இன்னும் சாகல, வண்டியில தன் சவப்பெட்டி மேல சாஞ்சு உக்காந்து வந்துட்டு இருக்கான், வாக்குமூலம் ஏற்கனவே அச்சாகி வித்துட்டு இருக்கு. இந்த ஒரு இடத்துல ஹோகார்த் சொல்றது நூறு பக்கம் எழுதினாலும் வராது.

அப்புறம் வண்டிய பாருங்க. டாம் பக்கத்துல ஒரு மெத்தடிஸ்ட் போதகர் கைய நீட்டி ஆவேசமா பேசுறாரு, கையில இருக்கற புத்தகத்துல மெத்தடிஸ்ட் இயக்கத்த ஆரம்பிச்ச வெஸ்லி பேரு. சம்பளம் வாங்குற ஜெயில் பாதிரியார் எங்க? முன்னாடி போற கோச்சு வண்டிக்குள்ள வசதியா உக்காந்து போறாரு. சாகப்போற பையன் பக்கத்துல யாரு இருக்கா யாரு இல்லங்கிறத ஹோகார்த் சத்தமே இல்லாம காட்டிட்டாரு. கூட்டத்துல ஒருத்தன் அந்த போதகர் மேல எறியறதுக்கு ஒரு நாய வாலப் பிடிச்சு தூக்கிட்டு நிக்கிறான். இந்த பக்கம் ஒரு பையன் தின்பண்டக்காரன் பாக்கெட்டுல கைய விடுறான், பழ வண்டி கவுந்து கிடக்கு, ரெண்டு பேரு அடிச்சுக்கிறாங்க. வலது பக்கம் பலகை அடிச்சு படிப்படியா கேலரி கட்டியிருக்கு, அங்க உக்காந்து பாக்கணும்னா காசு. மேல ஒரு புறாவ பறக்க விடுறாங்க, ஆள் வந்து சேந்தாச்சுன்னு நியூகேட் ஜெயிலுக்கு தகவல் சொல்ல.

கூட்டத்த பாக்கும்போது நான் கேக்குற கேள்விங்க இதுதான், எத்தன பேரு தூக்குமரத்த பாக்குறாங்க, எத்தன பேரு வேற எங்கயோ பாக்குறாங்க, யாரு அழறாங்க, பொம்பளைங்க குழந்தைங்க எங்க நிக்கிறாங்க, பட்டாளம் உள்பக்கம் பாத்து நிக்குதா இல்ல ஜனங்கள பாத்து நிக்குதா, வியாபாரம் எங்க நடக்குது. ஹோகார்த் படத்துல முன்னாடி இருக்கறவங்கள்ல டாம பாக்குறவங்க ரொம்ப கம்மி. திருடனுக்கு குடுக்குற தண்டனைய பாத்து ஜனங்க பயந்து திருந்துவாங்கன்னுதான சட்டம் சொல்லுச்சு, அந்த தண்டனைக்கு முன்னாடியே ஒருத்தன் பாக்கெட் அடிக்கிறான். அதே சமயம் இந்த வரிசைய அவரு வேலை கத்துக்குற பசங்க பாத்து திருந்தணும்னுதான் போட்டாரு, படத்துக்கு கீழ பைபிள் நீதிமொழி வசனம், ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு. படம் ஒன்னு சொல்லுது, கூட்டம் வேற சொல்லுது, ரெண்டையும் அவரே வரைஞ்சிருக்காரு. இதுல ஒன்ன மட்டும் எடுத்துட்டு ஹோகார்த் தண்டனைக்கு ஆதரவு, எதிர்ப்புன்னு முடிவு கட்டுறது எனக்கு சரியா படல.

டாம் ஐடில் நெசமா இருந்த ஆள் இல்ல, கற்பனை பாத்திரம். ஆனா டைபர்ன் எப்படி இருந்துச்சுங்கிறதுக்கு இன்னைக்கும் எல்லாரும் இந்த படத்ததான் எடுத்து வைக்கிறாங்க.

ஒரு படத்துக்குள்ள எத்தன நேரம்

1606 ஜனவரி 30, 31 ரெண்டு நாளா லண்டன்ல வெடிமருந்து சதிக்காரங்க, அதாவது ராஜாவோட பாராளுமன்றத்த வெடி வச்சு தகர்க்க பாத்தவங்க, எட்டு பேர கொன்னாங்க, ஒரு நாள் செயின்ட் பால் தேவாலய வளாகத்துல, மறுநாள் வெஸ்ட்மின்ஸ்டர்ல. கிளாஸ் விஷர் போட்ட படத்துல தட்டியில கட்டி இழுத்துட்டு போறது, தூக்குல போடுறது, உடம்ப வெட்டுறது எல்லாம் ஒரே காட்சியா, ஒரே இடத்துல, ஒரே நேரத்துல நடக்குற மாதிரி இருக்கும். இது அந்த கால வழக்கம், பொய் சொல்லணும்னு இல்ல. நீங்க செய்ய வேண்டியது, படத்த ஒரு காகிதத்துல கோடு போட்டு பிரிச்சு எது முதல்ல எது அப்புறம்னு நம்பர் போடுங்க, அப்போதான் உண்மையில எந்த நிமிசத்துல யாரு எங்க இருந்தாங்கன்னு பிடிபடும்.

ஒரே சாவுக்கு மூனு நாலு படம் வச்சு ஒப்பிடுங்க

பிரான்ஸ் ராஜா பதினாறாம் லூயி, 1793 ஜனவரி 21, பாரிஸ் புரட்சி சதுக்கம், இன்னைக்கு கான்கார்டு சதுக்கம். பயிற்சிக்கு இத விட நல்ல சம்பவம் கிடையாது.

மொன்னே வரைஞ்சு ஹெல்மான் செதுக்குன படத்துல சதுக்கம் பெருசா விரிஞ்சு கிடக்கு, பட்டாளம் ஒழுங்கா வரிசையா நிக்குது, மேடையில தலைய தூக்கி ஜனங்களுக்கு காட்டுறாங்க. பக்கத்துல ஒரு பெரிய பீடம் மேல ஒன்னுமே இல்லாம நிக்குதே பாத்தீங்களா, அதுல லூயியோட தாத்தா பதினஞ்சாம் லூயி சிலை இருந்துச்சு, 1792 ஆகஸ்டுல இழுத்து தள்ளிட்டாங்க. கில்லட்டினையும் காலியான பீடத்தையும் பக்கத்துல பக்கத்துல காட்டுறது சும்மா இல்ல. வில்நெவ் போட்டதுல சதுக்கமே கிடையாது, கூட்டம் கிடையாது, ஒரு கை, அதுல முடிய பிடிச்சு தொங்குற தலை, சொட்டுற ரத்தம், மகுடம் வச்ச வித்தைக்காரங்களே யோசிச்சுக்கோங்கன்னு தலைப்பு, கீழ புரட்சிப் பாட்டு மார்செய்யேஸ் வரி. மத்த நாட்டு ராஜாக்களுக்கு நேரா விட்ட மிரட்டல் அது. லண்டன்ல கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே 22 நாள் கழிச்சு பிப்ரவரி 12ல ஒன்னு விட்டாரு, விளக்கு கம்பத்துல ஒரு புரட்சிக்காரன் உக்காந்து பிடில் வாசிக்கிறான், அவன் காலுக்கு கீழ தொங்கவிட்ட பாதிரியார், பின்னாடி கில்லட்டின், பத்தி எரியற தேவாலயம். பிரான்ஸ் இங்கிலாந்து மேல போர் அறிவிச்சு ரெண்டு வாரம்கூட ஆகல அப்போ. நாலு நாள் கழிச்சு இன்னொன்னு, லூயி ரத்தமே பழி வாங்க சொல்லி கூப்பிடுற மாதிரி.

மூனு ஆர்ட்டிஸ்டும் காட்டுறது ஒரே சாவுதான். மாறுறது சுத்தி இருக்கறது. அதனாலதான் கத்திய கடைசியா பாக்க சொன்னேன்.

யாரு வாங்குனாங்க, என்ன விலை

ஹோகார்த் வரிசை 12 படமும் 12 ஷில்லிங், வழக்கமான விலையோட ஒப்பிட்டா அவரு மலிவாத்தான் வச்சாரு, ஆனாலும் தினக்கூலி ஆளுக்கு அது பெரிய காசு, முதலாளிதான் வாங்கி பட்டறை சுவத்துல மாட்டணும். தெருவுல விக்கிற ஒத்த காகிதம் பென்னி கணக்கு, 12 பென்னி ஒரு ஷில்லிங். லண்டன் செவன் டயல்ஸ்ல ஜேம்ஸ் கேட்னாக் 1813ல அச்சகம் வச்சு இதுலயே பெரிய ஆளானாரு. மேல ஒரு மரக்கட்டை படம், நடுவுல குற்றம், விசாரணை, கீழ சாகறவன் பாடுன மாதிரி ஒரு பாட்டு. படத்த ஒவ்வொரு ஆளுக்கும் புதுசா செதுக்க மாட்டாங்க, தூக்குல ஒரு ஆளு தொங்குற கட்டை ஒன்னு இருந்தா அது வருசக்கணக்கா ஊர் ஊரா வேற வேற பேருக்கு ஓடும். அதனால இந்த வகை காகிதத்துல படத்த பாத்து அந்த ஆளோட முகம், உடை, இடம் எதையும் எழுதிடாதீங்க. வேற பேர் போட்ட காகிதங்களோட வச்சு பாருங்க, அதே கட்டை, அதே விரிசல் தட்டுப்படும்.

1849 நவம்பர் 13ல கொலை வழக்குல மாட்டுன மேனிங் புருசன் பொண்டாட்டிய லண்டன் ஹார்ஸ்மாங்கர் லேன் ஜெயில் கூரை மேல தூக்குல போட்டாங்க. அவங்கள பத்தின காகிதம் 25 லட்சம் வித்ததா பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ தெரு வியாபாரிகள விசாரிச்சு எழுதி வச்சிருக்காரு. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் அங்க போயி பாத்துட்டு, தூக்கு தண்டனைய விட கூட்டத்தோட கூச்சலும் கும்மாளமும்தான் கொடூரம், இத ஜெயிலுக்குள்ள மாத்துங்கன்னு டைம்ஸ் பேப்பருக்கு கடிதம் எழுதினாரு. அதே மாசம் ஜான் லீச் பஞ்ச்ங்கிற நையாண்டி பத்திரிகையில போட்ட படத்துல தூக்குமேடை இல்ல, முழுக்க கூட்டம்தான். கடைசியா பொது இடத்துல தூக்குல போட்டது 1868 மே 26ல நியூகேட் வாசல்ல, மைக்கேல் பாரெட்டங்கிறவர, அதுக்கப்புறம் அந்த வருசமே சட்டம் வந்து எல்லாம் சுவத்துக்கு உள்ள போயிடுச்சு.

செத்தவர் யாருன்னு தேடுங்க

இத பண்ணாம விடாதீங்க. லண்டன் ஆளா இருந்தா ஓல்டு பெய்லி கோர்ட் ஆவணங்கள் 1674ல இருந்து 1913 வரைக்கும் வெப்சைட்ல இருக்கு, பேரு போட்டு தேடலாம். என்ன குற்றம், என்ன வயசு, சாட்சி என்ன சொன்னாங்க, அந்த ஆளு கோர்ட்டுல என்ன பேசுனாரு எல்லாம் வரும். நியூகேட் பாதிரியார் எழுதி வித்த கடைசி நாள் குறிப்புகளும் அங்கயே இருக்கு, ஆனா அவருக்கும் அதுல வருமானம் இருந்துச்சுங்கிறத மனசுல வச்சு படிங்க. கைக்குட்டை, துணி, வெள்ளி கரண்டி திருடுனதுக்கெல்லாம் சாவு தண்டனை சொன்னத படிச்சுட்டு திரும்ப படத்துக்கு வந்தீங்கன்னா அந்த சின்ன உருவம் ஒரு மனுசனா தெரிய ஆரம்பிக்கும். நான் இந்த இடத்துலதான் கழுத்த பாக்க சொல்றேன், முகம் மூடியிருக்கா, கை கட்டியிருக்கா இல்ல கும்பிடுற மாதிரி இருக்கா, யாரையாவது பாக்குறாரா, வரைஞ்சவர் அவருக்கு ஒரு முகம் குடுத்திருக்காரா இல்ல ரெண்டு கோட்டோட விட்டுட்டாரா.

எழுதும்போதும் ஷேர் பண்ணும்போதும்

கேப்ஷன்ல குறைஞ்சது இவ்வளவு வரணும்: வரைஞ்சவர், செதுக்குனவர், வித்தவர், வெளிவந்த ஊரு, வருசம், சம்பவம் நடந்த வருசம் தனியா, எந்த மியூசியத்து பிரதி, அவங்க போட்டிருக்கற பதிவு நம்பர். செத்தவர் பேரு தெரிஞ்சா பேரோட போடுங்க, குற்றவாளின்னு மட்டும் போடாதீங்க. படத்த வெட்டாதீங்க, வெட்டித்தான் ஆகணும்னா வெட்டுன துண்டுன்னு எழுதிட்டு முழு படத்துக்கு லிங்க் குடுங்க. உடம்ப சிதைக்கிற காட்சின்னா முதல்ல ஒரு வரி எச்சரிக்கை போட்டுட்டு படத்த கீழ தள்ளி வைங்க, குடும்ப குரூப்புல சின்ன பசங்களும் பாக்குறாங்க. மெட்ரோபாலிட்டன், ரைக்ஸ் மியூசியம் ரெண்டும் பழைய படங்கள யாரும் எதுக்கும் எடுத்துக்கலாம்னு விட்டிருக்காங்க, பிரிட்டிஷ் மியூசியம் ஸ்கேன வியாபாரத்துக்கு பயன்படுத்தணும்னா அனுமதி கேக்கணும், புத்தகம் போடுறவங்க இத முன்னாடியே பாத்துக்கோங்க.